கண்ணாடியில் மட்டும் சரியாக ஓடும் கடிகாரம்

அந்தச் சலூனுக்குள் முதன்முறை நுழைகிறவர் யாராக இருந்தாலும், பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொள்வார். நாற்காலிகளுக்குப் பின்னால், சுவரில் தொங்கும் கடிகாரம் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். சிவப்பு விநாடி முள், எதையோ மறந்துவைத்துவிட்டு எடுக்கப் போகிற மாதிரி, வந்த வழியே திரும்பி வழுக்கிக்கொண்டு போகும். காலையில் சாப்பிடாமல் வந்ததால்தான் தலை சுற்றுகிறது என்று ஒருவர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். இன்னொருவர், இதே பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் கல்யாணத்துக்கு முந்தின நாளுக்குப் போய்விடலாமா என்று விசாரித்தார்.

"போலாம்ங்க. ஆனா உங்க வீட்டம்மாவும் கூடவே வந்து பக்கத்துல உக்காந்திருக்காங்களே" என்றாள் சிட்டக்கா, கத்தரியை நிறுத்தாமல்.

சிட்டுக்குருவி அளவுக்குப் பிறந்தாள் என்று வீட்டில் வைத்த பேர். அறுபதைத் தாண்டியும் குருவி அளவிலேயே நின்றுவிட்டாள். உயரமான ஆள் வந்து உட்கார்ந்தால் நாற்காலியை இறக்கினாலும் பற்றாது. தானும் ஒரு பலகையின் மேல் ஏறிக்கொள்வாள். கடை அவளுடைய அண்ணனுடையது. ஆனாலும் முதலாளி யார் என்று தெருவில் கேட்டால், முக்கால்வாசிப் பேர் அந்தப் பலகையைத்தான் கைகாட்டுவார்கள்.

மூன்று நாற்காலிகள். வாசல் பக்கம் மீசை, நடுவில் பின்னல், ஜன்னலோரம் சிட்டக்கா. பின்னல் என்பவள் எவ்வளவு சிக்குப் பிடித்த கூந்தலையும் சிரித்துப் பேசியே பிரித்துவிடுவாள். மீசை என்பவருக்கு மீசை கிடையாது. வாலிபத்தில் ராஜா மாதிரி ஒரு மீசையோடு இதே கடைக்கு வந்தவர்தான். சிட்டக்காவின் அண்ணன் ஒரு பக்கத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ வெளியே கூப்பிட்டார்கள். மறுபக்கத்தை வேறொருவர் எடுத்துச் செய்தார். அண்ணன் திரும்பி வந்து, வலது தடிமனாக இருக்கிறதே என்று குறைத்தார். அந்த இன்னொருவர், இப்போது இடது தடிமன் என்று குறைத்தார். இரண்டு நிபுணர்கள் கூடிச் சமன் செய்ததில், கடைசியில் மூக்குக்குக் கீழே வெறும் சமவெளிதான் மிஞ்சியது. நியாயம் கேட்க அடுத்த நாள் வந்தவர், பேச்சு முடியாமல் அதற்கும் அடுத்த நாள் வந்தார், அப்படியே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு அண்ணன் கடையில் ஒரு சட்டம் போட்டார்: ஒருவர் கத்தரி வைத்த தலையில் இன்னொருவர் கத்தரி வைக்கக் கூடாது. பாதியில் வீடு பற்றி எரிந்தாலும் ஆரம்பித்தவர்தான் வந்து முடிக்க வேண்டும். அந்தச் சட்டம் இன்றுவரை ஒரு தடவைகூட மீறப்படவில்லை.

கடிகாரத்தின் கதை வேறு. பழைய சினிமாக் கொட்டகையை இடித்தபோது சிட்டக்கா வேடிக்கை பார்க்கப் போயிருந்தாள். டிக்கெட் கூண்டுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தை இடிக்கிற ஆள் செங்கல்லோடு செங்கல்லாக எறியப் போனான். வாலிபத்தில் அதே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் படம் தொடங்கக் காத்திருந்திருக்கிறாள். எறியாதே, என் கையில் கொடு என்று ஏந்திக்கொண்டாள். பிஸ்கட் நிறத்தில் வட்டமான உடம்பு, முன்னால் குழந்தை வயிறு மாதிரி உப்பின கண்ணாடி, எண்களே இல்லாமல் கோடுகள் மட்டும் போட்ட வெள்ளை முகம், பின்னால் வாலாக ஒரு துணிச்சுற்று ஒயர். இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் குறும்புக்காரர், குழந்தைக்கு அரை டிக்கெட் எடுக்கச் சொன்னார். கொட்டகையில் கரண்டைப் பிடுங்கிய நேரத்தில் நின்றுபோன முட்களை அவரிடம் காட்டி, "நல்லா பாருங்க, இன்னும் அஞ்சுகூட ஆகல" என்றாள். பஸ்ஸே சிரித்தது என்பார்கள். பஸ்ஸின் பின்சக்கரமும் சேர்ந்து சிரித்ததில் காற்றுப் போய்விட்டது என்று மீசை சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

அது சாவி கொடுக்கிற ரகமும் இல்லை, பேட்டரி போடுகிற ரகமும் இல்லை. வீட்டுக்கு வரும் கரண்டுக்கு ஒரு துடிப்பு இருக்கிறதே, அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டே ஓடும் பழைய ரகம். அதனால் டிக் டிக் என்று தட்டாது. ம்ம்ம் என்று, பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு முனகல். விநாடி முள் குதிக்காது. எண்ணெய் தடவிய தட்டில் சறுக்குவதுபோல் நிற்காமல் போகும். மற்ற கடிகாரங்களைப் பார்த்தால் சிட்டக்காவுக்குப் பரிதாபம். ஒவ்வொரு விநாடியும் விக்கிக்கொண்டே போகின்றன, பாவம், தண்ணீர் கொடுக்க ஆளில்லை என்பாள்.

கரண்டு போனால் நின்றுவிடும். திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. அடிவயிற்றில் இரண்டு சின்னத் திருகுகள்: ஒன்று முள்ளைத் திருப்ப, இன்னொன்று ஓட்டிவிட. இரண்டாவதைக் கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். ஒரு மனிதர் கை வைத்தால்தான் புறப்படும். பலருக்கு இது குறையாகப் பட்டது. சிட்டக்காவோ அதைத்தான் பெரிய குணம் என்பாள். நின்றுபோன நேரத்தில் நடந்தது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு சும்மா இருக்கிறது. தெரிந்த மாதிரி எதையாவது காட்டிக் கண் சிமிட்டுவதில்லை.

இன்னொரு குணமும் உண்டு. எந்தப் பக்கம் சுண்டுகிறோமோ அந்தப் பக்கம்தான் ஓடும்.

ஒரு நாள் காலையிலிருந்தே கரண்டு இல்லை. நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். கழுத்துவரை துணி, கைகள் துணிக்குள், தலை சிட்டக்காவின் பிடிக்குள். பன்னிரண்டரைக்கு வண்டி எடுக்க வேண்டியவர், மணி என்ன மணி என்ன என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆலையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது சரியாகக் கரண்டும் வந்தது. சிட்டக்கா பலகையைத் தூக்கிப்போட்டு ஏறி, இரண்டு முட்களையும் உச்சியில் நிறுத்திவிட்டு, திருகைச் சுண்டினாள். வலது கையில் கத்தரி இருந்தது. சுண்டியது இடது கட்டைவிரல்.

வேலை தொடர்ந்தது. அதன்பின் அந்த டிரைவர் மணியே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் போனபின், "இன்னும் பத்து நிமிஷம் இருக்குக்கா, காதோரம் கொஞ்சம் நிதானமாவே பாருங்க" என்றார். சிட்டக்காவுக்குத் திகைப்பு. துணிக்குள் கட்டுண்ட மனிதருக்கு எப்படித் தெரிந்தது? திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கடிகாரம் பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் குறைவாகக் காட்டியது. முள் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. மெல்ல முன்னால் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே பன்னிரண்டு இருபது. முள் ஒழுங்காக, வலப்பக்கமாக, எல்லா ஊர்க் கடிகாரமும் போகிற வழியில் போய்க்கொண்டிருந்தது. எண்கள் இல்லாத முகம் என்பதால் கண்ணாடிக்குள் ஒரு குறையும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அதை அவள் நேராக்கவே இல்லை. கரண்டு போய் வரும்போதெல்லாம் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பின்னால் கையை வளைத்து முள்ளைத் திருப்பி, இடது கட்டைவிரலால் சுண்டுவாள். சர்க்கஸ் பார்க்கிற மாதிரி இருக்கும். அண்ணன் ஒரு மாதம் கத்தினார். கடைக்கு வருகிறவன் சிரிப்பான் என்றார்.

"சிரிக்கறவன் பெஞ்சுல இருக்கான் அண்ணா. அவனுக்குக் கை சும்மாதான இருக்கு, வாட்ச் பாத்துக்கட்டும். கழுத்த என்கிட்ட குடுத்துட்டுத் திரும்பக்கூட முடியாம ஒருத்தன் நாற்காலியில இருக்கான். நான் யாருக்கு மணி காட்டணும்?"

அதன்பின் அண்ணன் கத்துவதை விட்டார். அவருக்கு முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தபின் கடை மகன் கைக்கு வந்தது. சிட்டக்காவுக்கு அவன் மருமகன். நல்ல பையன், வியாபாரம் படித்தவன், கடையைக் கூட்டக்கூடத் தயங்கமாட்டான். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அவன் தலையில் அத்தையின் கத்தரியைத் தவிர வேறொரு கத்தரி பட்டதில்லை. ஆனால் ஊர் சிரிப்பதை மட்டும் அவனால் தாங்க முடியாது.

ஊரும் சிரித்தது. யாரோ ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் போனில் படமெடுத்து, மணி பார்க்கத் தெரியாத சலூன் என்று எழுதிப் பரப்பிவிட்டான். சொந்தக்காரர்கள் வரைக்கும் அது சுற்றி வந்தது. சித்தப்பா முறையுள்ள ஒருவர் மருமகனைக் கூப்பிட்டு, உங்கள் கடைக்கு நேற்று வரலாமா என்று கேட்டாராம்.

அடுத்த வாரமே ஒரு மின்பலகை வந்தது. பெஞ்சு நீளத்துக்குக் கறுப்புப் பலகை, அதில் மூன்று கட்டம், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒன்று. ஆள் உட்கார்ந்ததும் பொத்தானை அழுத்தினால் சிவப்பு எண்ணில் இருபது எரியும். நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வந்து, சைபர் ஆனதும் கீச்சென்று கத்தும். தலைக்கு இருபது நிமிடம், அதற்குமேல் கிடையாது. அந்தச் சுவரில் இருந்தது ஒரே பிளக்குதான். மருமகன் கடிகாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பலகையின் ஒயரைச் செருகினான்.

சிட்டக்கா அப்போது ஒரு தலைக்குப் பின்னால் குனிந்திருந்தாள். அவன் செய்ததை அவள் பார்க்கவில்லை. முனகல் நின்றதைத்தான் கேட்டாள்.

"யாருப்பா அது கடிகாரத்துக் கழுத்தப் பிடிச்சது?"

"அத்தை, ஒரு கடையில ரெண்டு நேரம் இருக்கக் கூடாது. ஊரே சிரிக்குது."

"ஒரு பிளக்குல ரெண்டு சேத்துச் சொருகற சாமான் தெருமுனையில விக்குது மருமகனே."

அவன் பிளக்கைப் பற்றிப் பேசவில்லை. மாதக் கடைசியில் வெள்ளையடிக்கிறவர் வருகிறார், அன்றைக்குக் கடிகாரத்தை இறக்கிவிடலாம், அத்தை வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று மரியாதையாகவே சொன்னான். சிட்டக்கா தன் மரப்பலகை மேல் நிமிர்ந்து நின்றாள். நிமிர்ந்ததில் அவன் தோள் உயரம் வந்தாள்.

"அது இறங்கற அன்னிக்கு நானும் இந்தப் பலகைய விட்டு இறங்கிடுவேன். அப்புறம் நீயே வந்து கூப்பிட்டாலும் ஏறமாட்டேன்."

அத்தை கோபத்தில் பேசுகிறாள், ஆறிவிடும் என்று அவன் நினைத்தான். அவளோ கோபமே இல்லாமல்தான் பேசினாள். அதுதான் ஆபத்து என்று மீசைக்கும் பின்னலுக்கும் தெரியும்.

மின்பலகையின் முதல் நாள் திருவிழாக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. பலகை மாட்டியிருந்தது நாற்காலிகளுக்குப் பின்சுவரில். உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்ப்பது கண்ணாடியில். இதை மருமகன் யோசிக்கவில்லை. முதலில் வந்து உட்கார்ந்த பள்ளிக்கூட டீச்சர் தலையைத் தூக்கினார். இருபது என்று எரிந்த எண் கண்ணாடிக்குள் சைபர் ஐந்தாகத் தெரிந்தது. நேர்கோடுகளை அடுக்கிச் செய்த அந்தக் கட்டை எண்களில் இரண்டைத் திருப்பினால் ஐந்து, ஐந்தைத் திருப்பினால் இரண்டு. ஐயோ, ஐந்து நிமிடத்தில் என்ன வெட்டுவீர்கள் என்று டீச்சர் பதறினார். கொஞ்ச நேரத்தில் எண் இருபத்தொன்றானது. நேரம் ஏறுகிறதே என்று ஆறுதலடைந்தார். பிறகு ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடத்துக்கு நான் எப்போது போவது என்று மறுபடியும் பதறினார். கடைசியில் கண்ணாடியில் இருபது என்று பார்த்து, சரி இன்னும் இருபது இருக்கிறது என்று கண்ணை மூடித் தூங்கவே ஆரம்பித்தபோது பலகை கீச்சென்று கத்த, டீச்சர் துணியோடு எழுந்து நின்றுவிட்டார். சிட்டக்கா வாயே திறக்கவில்லை. டீச்சரைத் தோளில் தட்டி உட்கார வைத்து, மீதியை முடித்து அனுப்பினாள். முகத்தில் மட்டும் பால் குடித்த பூனையின் களை.

ஆனால் காலம் அவ்வளவு சுலபமாக அவள் பக்கம் சாயவில்லை. பலகையை விற்றவர் மறுநாள் வந்தார், போனை எடுத்து எதையோ தட்டினார், எண்களெல்லாம் கண்ணாடிக்குள் நேராகிவிட்டன. வேலை முடிய அவருக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இப்போது பெஞ்சில் இருந்தவர்களுக்குத்தான் எண் தலைகீழ்.

"பெஞ்சுல இருக்கறவங்க என்னப்பா பண்ணுவாங்க?" என்று சிட்டக்கா சாதுவாகக் கேட்டாள்.

"அவங்க எதுக்கு அத்தை பாக்கணும்? நாற்காலியில இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா போதாதா?"

 மீசை சீப்பைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்துகொண்டார். சொன்ன வார்த்தை யாருடையது என்று மருமகனுக்கே உறைத்தது, காது சிவந்தது. ஆனால் பிளக்கை மாற்றவில்லை. வம்சம் அப்படி.

அதன்பின் வந்த நாட்களில் சிட்டக்காவின் விரல்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. கடிகாரம் இருந்தபோது உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் அதைப் பார்ப்பார்கள். பெரிய முள் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கண்ணாலேயே ஒரு துண்டு வெட்டி அளந்துகொள்வார்கள், நிறைய இருக்கிறது என்று சாய்வார்கள். தலை கையில் கனக்கும். இப்போது எண் குறையக் குறையத் தோள் காதுவரை ஏறுகிறது, கழுத்து நரம்பு கயிறாக விறைக்கிறது. விறைத்த கழுத்தில் எப்படிக் கோடு எடுப்பது? பேச்சும் நின்றுவிட்டது. மகள் வீட்டுக் கதையை ஆரம்பித்த அம்மா ஒருவர், மாப்பிள்ளை கதவைத் தட்டுகிற இடத்தில் எண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கதவைத் திறந்தார்களா இல்லையா என்று சிட்டக்காவுக்கு இன்றுவரை தெரியாது. தன் கட்டத்தின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டாள். மருமகன் எடுத்தான். இன்னும் தடிமனான துண்டைத் தொங்கவிட்டாள். அவன் அதையும் எடுத்தான். அவள் போர்வையோடு வந்த அன்றைக்கு, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் போர்வை இறங்கியது, பலகை எரிந்தது.

மாதக் கடைசி நெருங்கும்போது வியாபாரிகள் சங்கத்திலிருந்து மருமகனுக்கு ஒரு கௌரவம் வந்தது. சின்னக் கடையைப் புதுமையாக நடத்துகிறவர் என்று மேடையில் கேடயம் கொடுக்கப் போகிறார்கள். காரணம் அந்தப் பலகைதான். அன்று காலையில் அவன் வந்து அத்தையின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சாயங்காலம் மேடை அத்தை. கொஞ்சம் நல்லா வெட்டிவிடுங்க."

"முதலாளிக்கும் இருபது நிமிஷம்தானா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்று பெருமையாகச் சொல்லித் தானே பொத்தானை அழுத்தினான்.

சிட்டக்கா துணியை உதறிக் கட்டினாள். பலகை மேல் ஏறினாள். இடது பக்கத்தில் ஆரம்பித்தாள். அப்படி ஒரு வெட்டை அந்தக் கடை பார்த்ததில்லை. ஒவ்வொரு முடியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வெட்டுகிற மாதிரி வெட்டினாள். காதுக்கு மேலே நிழல் இறங்குவதுபோல் ஒரு இறக்கம், பின்கழுத்தில் மயிரிழை பிசகாத கோடு. இடையில் அவன் அம்மாவின் இருமலை விசாரித்தாள், மேடையில் என்ன பேசப் போகிறான் என்று கேட்டாள். அவனும் சொக்கிப்போய்ப் பேசிக்கொண்டே இருந்தான். இடது பக்கம் முடிந்து சீப்பு உச்சிக்கு வந்தபோது பலகை கீச்சென்றது.

சிட்டக்கா கத்தரியைத் தட்டில் வைத்தாள். துணியை அவிழ்த்தாள்.

"நேரம் முடிஞ்சுது மருமகனே. எந்திரி, அடுத்தவங்க உக்காரணும்."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். இடது பக்கம் சினிமாக் கதாநாயகன், வலது பக்கம் புயலில் சிக்கிய வைக்கோல்.

"அத்தை, விளையாடாதீங்க."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நீதான சொன்ன. கடிகாரத்து ஒயரைச் சொருகு, மீதிய வெட்டறேன். அதுல பாத்தா எனக்கு நேரம் நிறைய இருக்கும்."

அவன் எழுந்து மீசையிடம் போனான். மீசை இல்லாத இடத்தைத் தடவிக்காட்டிவிட்டு, மாட்டேன் என்று தலையை அசைத்தார் மீசை. பின்னலிடம் போனான். அக்கா கத்தரி வைத்த தலையை நான் தொட்டால் என் கை விளங்குமா என்றாள் அவள். வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் முறையிட்டான். பெரியவர் பார்த்தார், சிரித்தார், சிரித்துச் சிரித்து முழங்கால் வலியே அன்றைக்கு விட்டுப்போனது. சட்டம் என்னுடையது, நானே மீறச் சொல்வேனா என்று கைவிரித்துவிட்டார். வேறு கடைக்குப் போகலாம். ஆனால் சலூன் முதலாளி இன்னொரு சலூனில் தலையைக் கொடுத்தான் என்று தெரிந்தால், தலைகீழ்க் கடிகாரத்தைவிட அது பெரிய சிரிப்பு.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இறங்கி வந்திருப்பார்கள். இவன் அத்தையின் மருமகன். பாதித் தலையோடே மேடை ஏறினான். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன லட்சணமான பையன் என்று கைதட்டினார்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் பாவம், வீட்டில் ஏதோ துக்கம்போல என்று கைதட்டினார்கள். சங்கத் தலைவர் இதுதான் இப்போதைய புதுமை என்று எடுத்துக்கொண்டு மேடையிலேயே பாராட்டினார். மறுநாள் இரண்டு இளைஞர்கள் கடைக்கு வந்து அதே மாதிரி வெட்டச் சொன்னார்கள். அது ஒருத்தருக்காக மட்டும் வெட்டுகிற வெட்டு, உங்கள் அத்தையிடம் போய்க் கேளுங்கள் என்று சிட்டக்கா அனுப்பிவிட்டாள்.

பிறகு அவன் தொப்பி போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். தினமும் காலையில் ஒயரைச் சொருகு என்பாள் அவள். முதலில் வெட்டுங்கள், யோசிக்கிறேன் என்பான் அவன். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. வெள்ளையடிக்கிறவர் வரும் நாள் மட்டும் கிட்டே வந்துகொண்டே இருந்தது.

அந்த நாளும் வந்தது. சிட்டக்கா வீட்டிலிருந்து ஒரு பை கொண்டுவந்தாள். கடையில் நுழைந்ததும் கத்தரிகளைத் துடைத்துத் துணியில் சுற்றினாள், சீப்புகளை எடுத்துப் போட்டாள். ஜன்னலோர நாற்காலியின் கைப்பிடியில் தோல் கிழிந்து அவளே தைத்த ஒரு தையல் உண்டு. அதை ஒரு தடவை விரலால் வருடினாள். அறுபது தாண்டினவளை எந்தக் கடையில் சேர்த்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தெரிந்தும், தான் ஏறி நிற்கும் பலகையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். சொன்ன சொல்லை விழுங்கிவிட்டு அந்தப் பலகையில் ஏறினால் தன் உயரம் இன்னும் ஒரு சாண் குறைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பின்னல் மூக்கை உறிஞ்சினாள். மீசை, நானும் வருகிறேன் அக்கா என்றார். நீங்க இருந்து மீசைய வளருங்க என்றாள் சிட்டக்கா.

வெள்ளையடிக்கிறவர் ஏணியைச் சாத்தினார். மருமகன் உள்ளே வந்தான். தொப்பிக்குக் கீழே, வலது காதில் ஒரு பிளாஸ்திரி. யாரையும் பார்க்காமல் ஏணியில் ஏறினான். கடிகாரத்தில் கை வைத்தான்.

சிட்டக்கா வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அது இறங்குவதைப் பார்க்கிற தைரியம் அவளுக்கும் இல்லை.

ம்ம்ம் என்று சத்தம் கேட்டது.

திரும்பினாள். மின்பலகை இருண்டிருந்தது. பலகையின் ஒயர் ஏணியில் தொங்கியது. கடிகாரத்தின் பெரிய முட்கள் நேரத்துக்குத் திருப்பப்பட்டு, விநாடி முள் வழுக்கிக்கொண்டு கிளம்பியிருந்தது. மருமகன் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினான். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான்.

"காதுல என்னடா?" என்று கேட்டாள்.

 முந்தின நாள் மாலை, எல்லாரும் போனபின், தன் தலையைத் தானே முடித்துக்கொள்ளலாம் என்று இதே நாற்காலியில் உட்கார்ந்ததைச் சொன்னான். கண்ணாடியைப் பார்த்து வெட்டினால் கை எதிர்ப்பக்கம் போகிறது. மெதுவாகப் பழகிக் கத்தரியைக் காதருகே கொண்டுபோன நேரத்தில், பழக்க தோஷத்தில் அழுத்திவைத்திருந்த பொத்தான் இருபதை முடித்துக்கொண்டு கீச்சென்றது.

"தூக்கிவாரிப் போட்டுது அத்தை. சொந்தக் காதையே வெட்டிக்கிட்டேன்."

மீசையின் தோள் குலுங்கியது. சிட்டக்கா சிரிக்கவில்லை. பையைத் திறந்து கத்தரியை எடுத்தாள், பலகையைக் கீழே போட்டு ஏறினாள், துணியைக் கட்டினாள். பிளாஸ்திரியை விலக்கிக் காயத்தைப் பார்த்தாள். பெரிதில்லை.

அவன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் முகம் மாறியது.

"அத்தை, இது பின்னாடி ஓடுது."

அவளுக்கு அது முன்பே தெரியும். ஏணியில் நின்றபோதே, வலது கட்டைவிரலால் அவன் சுண்டியதைக் காதாலேயே கண்டுபிடித்திருப்பாள் என்று பின்னல் சத்தியம் செய்வாள். பெஞ்சில் இருந்தவர்கள் வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியான நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ தள்ளின பக்கம்தான் அது ஓடும்."

"சரி அத்தை, அப்புறம் மாத்திக்கலாம். முதல்ல தலைய முடிங்க. எல்லாரும் பாக்கறாங்க."

சிட்டக்கா தட்டிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து, துணியின் மடிப்புக்குள் இருந்த அவன் கையைத் தேடிப் பிடித்து, அதில் வைத்தாள்.

"ஏறு. சுவத்துக்கு முதுகைக் காட்டி நின்னுக்கோ. கண்ணாடியில பாத்து முள்ளைத் திருப்பு. இடது கையால சுண்டு."

அவன் கழுத்தில் துணியோடும், பாதித் தலையோடும், பிளாஸ்திரிக் காதோடும் எழுந்து, பெஞ்சு முழுவதும் பார்க்க, மறுபடியும் ஏணியில் ஏறினான். வெள்ளையடிக்கிறவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். சிட்டக்கா பலகை மேல் நின்றபடி, கத்தரியைக் காற்றில் வெறுமனே வெட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.